ஏறும் வேகத்தைக் கையேட்டில் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொட்டகையில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டுவோரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1910-இல் பல்லாவரத்தில் தாம் கட்டிய விமானத்தைப் பறக்கவிட்ட டி'ஏஞ்சலிஸையும், மும்பையில் மொட்டைமாடியிலேயே விமானம் கட்டிய அமோல் யாதவையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம், அது போகட்டும். கட்டுரையில் இரண்டு இடங்கள் உறுத்தின. மூக்கை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் விமானம் மேலே போகும் என்று எழுதியிருந்தது ஒன்று. ஏறுவதற்கான வேகம், விமானத்தின் பாகங்களைத் தொகுப்பாக விற்கும் கிட் கம்பெனியின் கையேட்டில் அச்சாகியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றது மற்றொன்று. இரண்டாவதை நம்பி யாராவது சோதனைப் பறப்பில் அந்த வேகத்தைத் தாமே அளக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

ஏறும் வேகம் என்பது ஒன்றல்ல, இரண்டு. பைலட்டுகள் வி-எக்ஸ், வி-ஒய் என்பார்கள். ஓடுபாதை முடிகிற இடத்தில் தென்னந்தோப்பு நிற்கிறது என்றால், தோப்பை எட்டுவதற்குள் எவ்வளவு உயரம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி, அதற்கு வி-எக்ஸ். தோப்பு எதுவும் இல்லை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்தவரை உயரம் வேண்டும் என்றால் வி-ஒய். முதலாவது எஞ்சினின் உபரி இழுவிசையைப் பொறுத்தது, இரண்டாவது உபரி குதிரைத்திறனைப் பொறுத்தது. மூக்கை மேலும் மேலும் தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறையக் குறைய இறக்கை தன்னைத் தாங்கிக்கொள்வதற்கே அதிக சக்தியைத் தின்னும். ஒரு கட்டத்துக்குக் கீழே, மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும், உயரம் காட்டும் ஆல்டிமீட்டரின் முள் நகராது.

உபரி எவ்வளவு சொற்பம் என்பதற்கு ஒரு கணக்கு. 600 கிலோ எடையுள்ள இரண்டு இருக்கை விமானம் நிமிடத்துக்கு 820 அடி ஏறுகிறது என்றால், ஏற்றத்துக்கு மட்டும் செலவாவது சுமார் 33 குதிரைத்திறன். 100 குதிரைத்திறன் எஞ்சினில் மிச்சமெல்லாம் காற்றின் எதிர்ப்பிலும் புரொப்பல்லரின் வீணிலும் போய்விடுகிறது. அந்த 33-இல் நாலைந்து குறைந்தாலே ஏற்றம் கண்கூடாகச் சோர்ந்துவிடும்.

கையேட்டு எண் ஏன் உங்கள் விமானத்துக்குப் பொருந்தாது என்பதும் இதிலேயே இருக்கிறது. கம்பெனி சோதித்த விமானத்தில் இருந்த புரொப்பல்லரின் பிளேடு கோணம் வேறாக இருக்கலாம். கோணம் நிலையான புரொப்பல்லரில், மெதுவாக ஏறும்போது ஆர்.பி.எம். இறங்கும், ஆர்.பி.எம். இறங்கினால் குதிரைத்திறனும் இறங்கும். கோணம் அதிகமாக வைத்தவரின் வி-ஒய் அதனால் சில நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) மேலே நகர்ந்துவிடும். சக்கரக் கவசம் போடாதது, கூடுதல் ஆன்டெனா, கதவோர இடைவெளி எல்லாம் தங்கள் பங்குக்கு இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஏர்ஸ்பீடு மீட்டர் 60 என்று காட்டும்போது உண்மையில் 60-ஆ என்பதே கேள்வி. வெளிக்காற்றின் அழுத்தத்தை மீட்டருக்குக் கொடுக்கும் ஸ்டாட்டிக் துளையின் விளிம்பு உடல் தகட்டைவிட இரண்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தாலே மீட்டர் பொய் சொல்லத் தொடங்கிவிடும். மெதுவான வேகங்களில் அந்தப் பொய் இன்னும் பெரிதாகலாம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஏர்ஸ்பீடு மீட்டரின் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும்: ஒரே உயரம், ஒரே மீட்டர் வேகம், நான்கு திசைகள், ஜி.பி.எஸ். காட்டும் தரைவேகங்களின் சராசரி. காற்று பலமில்லாத காலையில் இந்தச் சராசரி உண்மைக் காற்றுவேகத்துக்கு மிக அருகில் வரும்; அந்த உயரத்தின் காற்றடர்த்திக்குத் திருத்திய பிறகே அதை மீட்டரோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, போதிய உயரத்தில் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காமல் கைவிடும் வேகம். இந்த இரண்டும் கையில் இல்லாமல் ஏற்றச் சோதனைக்குப் போகக் கூடாது. ஸ்டால் வேகம் 45 நாட் என்றால், அதைவிட 20 சதவீதம் அதிகமான 54-க்குக் கீழே ஏற்றச் சோதனை வேண்டாம். 55-இல் தொடங்கலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். கையேட்டு எண்கள் கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற சர்வதேசத் தரநிலைக்கு எழுதப்பட்டவை. மே மாதப் பகலில் புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுபாதையில் 38 டிகிரி இருந்தால், வித்தியாசம் 23 டிகிரி. சூட்டில் காற்று மெலிவதால், டிகிரிக்குச் சுமார் 120 அடி வீதம் 2,760 அடி மேலே இருப்பதற்குச் சமம். விமானம் தரையில்தான் நிற்கிறது, ஆனால் இறக்கையும் எஞ்சினும் புரொப்பல்லரும் ஏறக்குறைய 2,700 அடி உயரக் காற்றில் வேலை செய்கின்றன. சோதனைக்கு ஏற்றது பொழுது விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை. அதன் பிறகு வயல்வெளியிலிருந்து வெப்பக்காற்று எழும்பும். ஒரு ஏற்றத்தில் அது தூக்கிவிடும், அடுத்ததில் அமுக்கிவிடும். முற்பகல் கடந்தால் கடற்காற்று உள்ளே வரும், அதன் விளிம்பில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. விடியற்காலையிலும் ஒரு வம்பு உண்டு: தரையை ஒட்டி மேற்கிலிருந்து நிலக்காற்று, அதற்கு மேலே வேறு திசைக் காற்று. அதனால்தான் கீழே சொல்லும் முறையில் ஒவ்வொரு ஏற்றத்தையும் எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கிறது.

முறையின் பெயர் ரம்பப்பல் ஏற்றம். ஏறி, இறங்கி, ஏறி, இறங்கிப் போகும் பாதையை வரைந்தால் ரம்பத்தின் பல்போல இருக்கும். ஆல்டிமீட்டரை 1013.25 ஹெக்டோபாஸ்கலில் வையுங்கள். அன்றைய விமான நிலைய அழுத்தத்தில் வைத்தால் நாளைக்கு எடுக்கும் அளவோடு இன்றைய அளவு ஒட்டாது. 2,000 அடியிலிருந்து 3,000 அடி வரை ஒரு பட்டை. 1,600 அடியிலேயே த்ராட்டிலை முழுதாகத் திறந்து, வேண்டிய வேகத்துக்கு மூக்கின் நிலையை வைத்து, ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே அந்த நிலை நிற்கும்படி ட்ரிம் செய்து, 2,000 அடி வருவதற்குள் வேகத்தை அசையாமல் நிறுத்திவிட வேண்டும். முள் 2,000-ஐத் தொடும்போது ஸ்டாப்வாட்ச், 3,000-இல் நிறுத்து. நேரம், ஆர்.பி.எம்., வெளி வெப்பநிலை, மீதி எரிபொருள், திசை ஆகிய ஐந்தையும் முழங்காலில் கட்டிய அட்டையில் எழுதுங்கள். பென்சிலை நூலால் அட்டையோடு கட்டிவிடுங்கள். பெடலுக்கடியில் உருண்டு போன பென்சிலைத் தேடுவது வேடிக்கையான விஷயமில்லை. தலைக்குப் பின்னால் ஒரு சிறு கேமரா மீட்டர்களைப் பதிவு செய்தால் எழுதும் வேலையே பாதி குறையும், கண் வெளியே இருக்கும்.

நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறோம் என்று காட்டும் வெர்ட்டிகல் ஸ்பீடு மீட்டர் இருக்கும்போது ஸ்டாப்வாட்ச் எதற்கு என்று கேட்பார்கள். அந்த மீட்டர் பல விநாடி பின்தங்கிக் காட்டும், சின்னக் குலுக்கலுக்கும் ஆடும். மொபைல் போனின் ஜி.பி.எஸ். உயரத்தையும் இதில் கலக்க வேண்டாம்: ஆல்டிமீட்டர் காட்டுவது அழுத்த உயரம், ஜி.பி.எஸ். காட்டுவது வேறு கணக்கு.

இதோ ஒரு மாதிரி அட்டவணை. எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, எந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கும் உரியவை அல்ல. 1,000 அடி ஏற 55 நாட்டில் 88 விநாடி, 60-இல் 80, 65-இல் 75, 70-இல் 73, 75-இல் 74, 80-இல் 78, 85-இல் 86. 60,000-ஐ விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும்: 682, 750, 800, 822, 811, 769, 698.

இந்த எண்களைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். 70-க்கும் 75-க்கும் இடையே வித்தியாசம் ஒரே ஒரு விநாடி. சோதனையில் தவறுவதெல்லாம் இந்த ஒரு விநாடியில்தான். 70 நாட்டில் ஏறத் தொடங்கி 67-இல் முடித்தீர்களானால், இழந்த வேகம் உயரமாக மாறிச் சுமார் 19 அடியை இனாமாகத் தந்துவிடும். நேரத்தில் ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. விடையை மாற்ற அது போதும். வேகம் ஒரு நாட்டுக்கு மேல் தள்ளாடினால் அந்த ஏற்றத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்வதே நேர்மை. முள்ளைத் துரத்தினால் தள்ளாட்டம் கூடும். அடிவானத்துக்கு மேலே மூக்கு எங்கே நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் வேகம் தானாக அடங்கும்.

காற்றும் இதே வேலையைச் செய்யும். ஒரே சீரான காற்று எவ்வளவு அடித்தாலும் கவலையில்லை. ஆனால் 2,000 அடியில் ஒரு வேகம், 3,000 அடியில் அதைவிட 5 நாட் அதிக எதிர்காற்று என்றால், 30 அடிக்கு மேல் சும்மா கிடைக்கும், இரண்டு விநாடிக்கு மேல் நேரம் குறையும். திரும்பி எதிர்த்திசையில் ஏறினால் அதே அளவு நஷ்டமாகும். இரண்டின் சராசரியில் லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும். காற்றுக்குக் குறுக்காகப் பறந்தால் தொல்லை இன்னும் குறைவு.

பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் மீட்டரில் பந்து நடுவில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முழு சக்தியில், மெதுவான வேகத்தில், பெரும்பாலான விமானங்களுக்கு வலது பெடல் கணிசமாக வேண்டும். பந்து பாதி வெளியே நின்றால் விமானம் சற்றே பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு ஏறுகிறது என்று அர்த்தம்; அந்த இழுவையை நீங்கள் 55 நாட்டின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

எடையும் கரைந்துகொண்டே இருக்கும். ஏழு வேகம், இரண்டு திசை, ஆகப் பதினான்கு ஏற்றம். இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் பதினைந்து கிலோ அளவுக்குப் பெட்ரோல் எரிந்துவிடும். 55-இல் தொடங்கி 85 வரை வரிசையாகப் போனால், கடைசி ஏற்றங்கள் எடை குறைந்த விமானத்தின் ஏற்றங்கள். வளைவு முழுவதுமே வலப்பக்கம் சாய்ந்துவிடும். 70, 60, 80, 65, 85, 55, 75 என்று கலைத்துப் போட்டு, கடைசியில் 70-ஐ மறுபடி ஒருமுறை செய்யுங்கள். முதல் 70-க்கும் கடைசி 70-க்கும் உள்ள வித்தியாசமே எடையின் பங்கு என்ன என்று சொல்லிவிடும். இரண்டு காலைகளாகப் பிரித்தால் இன்னும் நல்லது.

இனி வரைபடம். கிராஃப் தாளில் கீழே வேகம், பக்கவாட்டில் ஏற்றம். இரண்டு அச்சும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். 50 நாட்டிலிருந்து தொடங்கிவிட்டுப் பிறகு வி-எக்ஸ் எங்கே என்று தேடுவோர் நிறைய. வேகத்தை மீட்டர் பிழை திருத்திய பிறகே குறிக்க வேண்டும். புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்காதீர்கள். பச்சைத் தென்னை ஈர்க்கு ஒன்றை மெல்ல வளைத்துப் புள்ளிகளின் நடுவே ஓடவிட்டால் அருமையான வளைவு கிடைக்கும், கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளைகோல் அவ்வளவு இணங்காது. ஒரு புள்ளி மட்டும் தனியே விலகி நின்றால் அதை நம்பாமல் அந்த வேகத்தை மீண்டும் பறந்து பாருங்கள். வளைவின் உச்சி வி-ஒய். நம் மாதிரியில் சுமார் 71. பூஜ்ய மூலையிலிருந்து ஒரு ஸ்கேலை வைத்து மெல்ல மேலே சுழற்றி, வளைவை எங்கே கடைசியாகத் தொட்டு விலகுகிறதோ அதுவே வி-எக்ஸ். கணக்காகவும் பார்க்கலாம்: ஏற்றத்தை வேகத்தால் வகுத்தால் 55-க்கு 12.4, 60-க்கு 12.5, 65-க்கு 12.3, 70-க்கு 11.7. உச்சம் 58, 59-ஐ ஒட்டி வருகிறது.

வெயிலுக்கான திருத்தம் வேண்டுமா என்றால், வி-எக்ஸ், வி-ஒய் வேகங்களைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை, ஏற்றத்தின் அளவைப் பதிவு செய்யத்தான் தேவை. 2,500 அடியில் தரநிலை வெப்பம் சுமார் 10 டிகிரி. அங்கே 25 டிகிரி இருந்தால் ஆல்டிமீட்டர் 1,000 அடி என்று காட்டுவது உண்மையில் 1,050 அடி. ஒரே காலையில் எடுத்த எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் உயர்வதால் உச்சியும் தொடுபுள்ளியும் இடம் மாறாது. ஜனவரியில் எடுத்ததை மே மாதத்தோடு ஒப்பிடும்போதுதான் இது தேவைப்படும்.

கட்டுரையாளர் பெரிதாகப் பேசிய செங்குத்தான ஏற்றத்துக்கு வருகிறேன். நம் மாதிரி விமானம் 300 மீட்டர் முன்னே போவதற்குள் வி-எக்ஸில் சுமார் 37 மீட்டர் ஏறும், வி-ஒய்யில் 34. மூன்று மீட்டர் லாபம். தோப்பு உண்மையாகவே இருந்தால் அது பெரிய லாபம், இல்லாவிட்டால் வீண் துணிச்சல். எஞ்சின் அந்த நேரத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூக்கை அதே நிலையில் வைத்திருந்தால், ஏற்றச் சரிவும் காற்றின் எதிர்ப்பும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 4 நாட் வேகத்தைப் பறிக்கும். 58-இல் இருந்தவர் என்ன நடந்தது என்று உணர்வதற்குள் மூன்று விநாடி போனால் 46. ஸ்டாலுக்கு ஒரு நாட்தான் பாக்கி. 71-இல் இருந்தவருக்கு அதே மூன்று விநாடிக்குப் பிறகும் 59 இருக்கும். தடையைத் தாண்டியதும் மூக்கை இறக்கி வி-ஒய்க்குப் போ என்று பயிற்சியாளர்கள் நச்சரிப்பது இதனால்தான்.

என் கருத்தில் அன்றாட ஏற்றத்துக்கு வி-ஒய்யே கூடச் சற்று மெதுவுதான். உச்சி தட்டையாக இருக்கிறது: 71-க்குப் பதில் 75-இல் ஏறினால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடிதான் நஷ்டம். பதிலுக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியும், எஞ்சினுக்குக் காற்று கிடைக்கும். கடலூர், புதுச்சேரி வெயிலில் இது சின்ன விஷயமில்லை. ரோடாக்ஸ் 912 யூ.எல்.எஸ். எஞ்சினை எடுத்துக்கொண்டால் 5,800 ஆர்.பி.எம். ஐந்து நிமிடத்துக்கு மட்டும், அதற்கு மேல் 5,500 தான். சோதனை ஏற்றம் ஒவ்வொன்றும் சுமார் இரண்டு நிமிடத்தில் முடிவதால் அந்த வரம்பு இடிக்காது. ஆனால் எண்ணெய் வெப்பம் முந்தைய ஏற்றத்தின் சூட்டிலிருந்து தணிவதற்கு முன் அடுத்ததைத் தொடங்கினால் மூன்றாவது, நாலாவது ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொடும். இறங்கும்போது த்ராட்டிலை ஒரேயடியாக மூடாமல் கொஞ்சம் சக்தி வைத்து மூன்று நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பங்க் பெட்ரோல் ஊற்றுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, இவ்வகை எஞ்சின்களின் கையேடு ஏற்பது 10 சதவீதம் வரைதான். சூடான எஞ்சின் அறையில் குழாயில் ஆவி அடைத்தால், முழு சக்தியில் மூக்கைத் தூக்கிய நிலையில்தான் அது தெரியவரும்.

சோதனையில் பைலட் மட்டுமே இருக்க வேண்டும் என்பதால், இரண்டு பேர் எடையில் என்ன ஆகும் என்று அறிய மணல் மூட்டை வைப்பார்கள். காய்ந்த மணல், சிறு சிறு பைகள், பெல்ட்டோடு கயிறும் போட்டு இறுக்கியது. ஸ்டிக்குக்கும் பெடலுக்கும் பக்கத்தில் சரிய வழியே இருக்கக் கூடாது. தண்ணீர்க் கேன் வேண்டாம், அது தளும்பும். மூட்டை வைத்தபின் ஈர்ப்பு மையத்தைக் காகிதத்தில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். டேக்-ஆஃப் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடிப்பு) போட்டுக் கிளம்பும் விமானமென்றால், அந்த ஃபிளாப்போடும் முழுத் தொடரைப் பறக்க வேண்டும். வி-எக்ஸ் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். கடலுக்கு மேலே பறந்தால் காற்று அமைதியாக இருக்கும் என்று வெகுதூரம் போகாதீர்கள். 2,000 அடியிலிருந்து எஞ்சின் இல்லாமல் சறுக்கினால் ஐந்து கிலோமீட்டர்தான் எட்டும். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருங்கள்.

நேரமிருந்தால் 6,000-க்கும் 7,000-க்கும் இடையே இன்னொரு பட்டை. உயரம் கூடக்கூட வி-ஒய் மீட்டரில் இறங்கும், வி-எக்ஸ் மெல்ல ஏறும். விமானம் இனி ஏறவே முடியாத உயரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். உங்கள் இரண்டு பட்டைகளில் இதற்கு நேர்மாறாக வந்தால், தவறு இயற்பியலில் இல்லை, அட்டையில் இருக்கிறது.

கிடைத்த வேகங்களை ஏர்ஸ்பீடு மீட்டரில் நீலக்கோடாகப் போடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நீலக்கோடு இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றபின் பிடிக்க வேண்டிய வேகத்துக்கு உரியது; ஒற்றை எஞ்சினில் அதைப் போட்டால் பின்னால் வாங்குபவர் குழம்புவார். மீட்டர் பக்கத்தில் ஒரு சிறு தகட்டில் இரண்டு வேகங்களையும், எந்த எடையில், எந்த பிளேடு கோணத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பொறித்து ஒட்டினால் போதும். பிளேடு கோணத்தை ஒரு டிகிரி திருப்பிய அன்றே அந்தத் தகடு செல்லாது; 65, 70, 75 ஆகிய மூன்று ஏற்றங்களையாவது மறுபடி பறந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.